ஏ-1 சாலையில் குருவோடு ஒரு சவாரி

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ஹம் நகரத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நானும் ஊர் பார்க்கப் போகவில்லை. மே மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, என்னோடு மூன்று வருடம் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த ஹர்ப்ரீத் கௌரின் புதுவீட்டு விழாவுக்குப் போனேன். வெள்ளி இரவு தூக்கம், சனிக்கிழமை மதியம் நல்ல சாப்பாடு, மாலையில் கொலோன் வழியாகத் திரும்பல். இவ்வளவுதான் திட்டம்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். மாலை மூன்று மணிக்குக் கார்ல்ஸ்ரூஹேயில் விரைவு ரயில் ஏறினால் ஐந்து மணி பத்து நிமிடத்துக்குக் கொலோன். அங்கிருந்து 5.40க்கு வட்டார ரயில், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், 7.15க்கு ஹம். கொலோன் வரைக்கும் டிக்கெட் 34.99 யூரோ, ஒரு மாதம் முன்பே எடுத்திருந்தேன். மாத டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு வட்டார ரயிலுக்குத் தனியாகச் செலவில்லை. இடது பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் நான் வுப்பர்டாலிலேயே தூங்கிப்போனேன்.

ஹர்ப்ரீத்தும் அவள் கணவர் மன்தீப்பும் அன்று இரவும் பழைய அடுக்குமாடி வீட்டில்தான் இருந்தார்கள். புது வீடு இரண்டு கிலோமீட்டர் தள்ளி. சுத்தம் செய்து, தரையெல்லாம் வெள்ளை விரிப்புப் போட்டுத் தயாராக இருந்தும் யாரும் அங்கே படுக்கவில்லை. காரணம் மன்தீப்பின் அப்பா. எல்லோரும் அவரை பாப்பாஜி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் ஜெர்மனிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். அகதி விடுதி, பீட்சாக் கடைக்கு மேலே இருந்த அறை, பிறகு வாடகை வீடுகள். சொந்த வீடு என்று ஒன்று வந்தால் குரு முதலில் நுழைந்த பிறகே தான் நுழைவேன் என்று முடிவெடுத்திருந்தார். சாவி வாங்கி ஆறு வாரமாகியும் அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. பெயின்ட் நிறத்தைக்கூட நடைபாதையில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் சொன்னாராம்.

"யார் அந்த குரு? எந்த ஊர்லேர்ந்து வர்றார்?" என்று கேட்டேன்.

ஹர்ப்ரீத் சிரித்தாள். "கொலோன்லேர்ந்து. நாளைக்கு நீயும் வா. நேர்லயே பார்த்துக்கோ."

சீக்கியர்களுக்குப் பத்து குருமார்கள் இருந்தார்கள். பத்தாவது குரு, தனக்குப் பிறகு வேறு மனிதர் குருவாக வேண்டாம், புனித நூலே குரு என்று சொல்லிவிட்டார். அதுதான் குரு கிரந்த் சாஹிப். இதைப் பள்ளிக்கூடப் பாடத்தில் படித்துத் தேர்வில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் ஒரு நூலைக் குரு என்று நம்பினால் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஒரு குடும்பம் என்னென்ன செய்யும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

காலை ஆறரைக்குப் புது வீட்டு வாசலில் நின்றோம். கொலோன் புறநகரில் இருக்கும் குருத்வாராவுக்கு 112 கிலோமீட்டர். போய், குருவை அழைத்துக்கொண்டு, பத்தரைக்குத் திரும்ப வேண்டும். பதினொரு மணிக்கு வாசிப்பு தொடங்கும், நாற்பது பேர் வருகிறார்கள். மன்தீப் முந்தைய நாளே தன் காரை உள்ளும் புறமும் கழுவி, இருக்கைக்குப் புதுத் துணி போட்டு, வாசலில் நிறுத்தியிருந்தார். சாவியைத் திருப்பினார். கார் ஒரு முறை முனகியது. மறுபடி திருப்பினார். அந்த முனகலும் நின்றுபோனது.

அடுத்த பத்து நிமிடம் எல்லோரும் ஒரே நேரத்தில் போன் பேசினார்கள். ஒரு உறவினர் வண்டி டுசல்டோர்ஃபிலிருந்து ஒன்பதரைக்குத்தான் வரும். வாடகைக் கார் நிலையம் ஒன்பதுக்குத்தான் திறக்கும். பாப்பாஜி மட்டும் போனைத் தொடவில்லை. நடைபாதையில், வீட்டு எல்லைக்கு ஒரு அடி வெளியே, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஓம் ஓம், நான் பிறகு எடுக்கிறன். இப்ப வையுங்கோ."

ஒரே சுவரைப் பகிரும் இரட்டை வீட்டின் மறுபாதி அது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குப்பைத் தொட்டியை இழுத்து வந்தார். அவருக்குப் பின்னால் ஏழு பேர் உட்காரக்கூடிய சாம்பல் நிற வண்டி ஒன்று நின்றது. நான் வேலியருகே ஓடினேன்.

"அண்ணா, நீங்க தமிழா? ஒரு அர்ஜென்ட் ஹெல்ப் வேணும்."

அவர் என்னையும் தலைப்பாகைக்காரர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "தமிழ்தான் பிள்ளை. என்ன நடந்தது, சொல்லுங்கோ."

அவர் பெயர் யோகன். யாழ்ப்பாணத்துக்காரர், ஹம்மில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமைகளில் இந்த வண்டியில்தான் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவாராம். அன்று பள்ளி விடுமுறை. நான் என் தமிழில், பாதி ஆங்கிலம் கலந்து, விஷயத்தை விளக்கத் தொடங்கினேன். இரண்டு வாக்கியத்துக்குள் அவர் என்னைத் தாண்டிப் போய் பாப்பாஜியிடம் சரளமான ஜெர்மனில் பேசத் தொடங்கிவிட்டார். பாப்பாஜியும் அதைவிட வேகமான ஜெர்மனில் பதில் சொன்னார். பாலமாக இருக்கலாம் என்று ஓடி வந்த எனக்குத்தான் அங்கே இருந்தவர்களில் ஜெர்மன் குறைவு. ஆறு வாரமாக ஒரே சுவரை ஒட்டிய இரண்டு வாசல்களில் பார்த்துக்கொண்டவர்கள் அதுவரை 'ஹலோ' தவிர எதுவும் பேசியதில்லையாம்.

யோகன் அண்ணை (அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் சீக்கிரமே பழகிக்கொண்டேன்) கேட்டதெல்லாம் ஒன்றுதான். "என்ன என்ன முறை இருக்கெண்டு சொல்லுங்கோ. பிழை விடக்கூடாது."

வண்டி சுத்தமாக இருக்க வேண்டும். புகையிலை, மது, இறைச்சி எதுவும் அதில் இருக்கக்கூடாது. தலையை மூட வேண்டும். குருவைத் தரையிலோ காலடியிலோ வைக்கக்கூடாது. ஹர்ப்ரீத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அண்ணை சட்டைப்பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து வேலிக் கம்பத்தின்மேல் வைத்தார். "காருக்குள்ள நான் பத்திறேல்லை. அவ விடமாட்டா."

'அவ' அதற்குள் வெளியே வந்திருந்தார். அண்ணையின் மனைவி வசந்தி அக்கா. அரைக் காதில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "வியாழக்கிழமை மச்சம் ஏத்தினனீங்களெல்லோ?"

மச்சம் என்றால் அவர்கள் பேச்சில் மீன், இறைச்சி. அண்ணையின் முகம் மாறியது. வியாழக்கிழமை ஒரு விருந்துக்காக ஐஸ் பெட்டி நிறைய மீன் அந்த வண்டியில் வந்திருந்தது. பிறகு நடந்ததை நான் வீடியோ எடுத்திருக்க வேண்டும். வசந்தி அக்கா மஞ்சள் தண்ணி வாளியோடு, மன்தீப் தூசி உறிஞ்சியோடு, ஹர்ப்ரீத் சோப்புத் துணியோடு, நான் ஈரத் தாள் கட்டோடு வண்டிக்குள் புகுந்தோம். கதவுகளையெல்லாம் திறந்துவைத்து, இருக்கைகளைத் துடைத்து, பிரிக்காத புது வெள்ளை விரிப்பை நடு வரிசையில் போட்டோம். இருபத்தைந்து நிமிடம். முடித்ததும் அக்கா கேட்டார்: "சில்லுக்குக் கீழ ஒரு தேசிக்காய் வைப்பமோ?"

சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கவா என்கிறார். அண்ணை அதை ஜெர்மனில் பாப்பாஜிக்குச் சொன்னார். அன்று காலை முதல் தடவையாக பாப்பாஜி சிரித்தார். "வேண்டாம் என்று சொல்லுங்கள். குரு நம்மைப் பார்த்துக்கொள்வார், அவரை நாம் காவல் காக்க வேண்டியதில்லை."

"அப்ப சரி" என்றார் அக்கா.

விருந்தினரை வரவேற்க மன்தீப் நின்றுகொள்ள, நாங்கள் நால்வரும் 7.20க்குக் கிளம்பி 8.35க்குக் கொலோன் குருத்வாராவை அடைந்தோம். தொழிற்பேட்டைக்குள், கிடங்குகளுக்கு நடுவே, காவி நிறக் கொடி உயரமாகப் பறக்கிறது. அந்தக் கொடி நிஷான் சாஹிப். குருத்வாரா எங்கே என்று தேடுகிறவர்கள் தெருப்பெயரைவிட அதைத் தேடுவது சுலபம். செருப்பைக் கழற்றி, கை கழுவி, தலையை மூடி உள்ளே போனோம். நான் துப்பட்டா கொண்டு போயிருந்தேன். அண்ணைக்கு வாசலில் இருந்த கூடையிலிருந்து ஒரு ஆரஞ்சு நிறத் துணி கிடைத்தது. அதை மூன்று முறை கட்டிப் பார்த்தார். நான்காவது முறை பாப்பாஜியே கட்டிவிட்டார்.

குருவுக்குப் பணிசெய்து, வாசித்துத் தருபவரை கிரந்தி என்பார்கள். இங்கே அவர் பல்பீர் சிங், வெண்தாடி, மெல்லிய குரல். எனக்கு இந்தி தெரியாது, பஞ்சாபி சுத்தமாகத் தெரியாது. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் காதில் விழுந்த சொற்கள் ஒவ்வொன்றும் தெரிந்த முகமாகவே இருந்தன. நூலின் பிரதியை 'சரூப்' என்றார்கள். நம்முடைய சொரூபம். பக்கத்தைப் பக்கம் என்று சொல்வதில்லை, 'அங்க்' என்கிறார்கள். 1430 அங்கங்கள். மேலே வீசும் வெண்ணிறச் 'சௌர்' நம் சாமரம். கூடியிருப்பவர்கள் 'சங்கத்'. செய்யும் வேலை 'சேவா'.

எல்லோரும் நின்று 'அர்தாஸ்' சொன்னார்கள். அது ஒரு விண்ணப்பம் மாதிரியான பிரார்த்தனை. போகும் காரியத்தைச் சொல்லிக் குருவிடம் அனுமதி கேட்பது. அதன் நடுவே 'ஜோகன்' என்ற பெயர் காதில் விழுந்தது. அண்ணை திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். ஓட்டுநர் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு பட்டுத் துணிகளில் போர்த்திய சரூப்பை கிரந்தி தலைமேல் தாங்கி நடந்தார். முன்னால் ஒருவர் தண்ணீர் தெளித்துப் போனார், பின்னால் ஹர்ப்ரீத் சாமரம் வீசினாள். வழியில் நின்றவர்கள் எல்லாம் கைகூப்பி 'வாஹேகுரு' என்று இறைவன் பெயரைச் சொன்னார்கள். வண்டிக் கதவருகே வந்ததும் கிரந்தி ஏதோ சொன்னார். அதில் 'சவாரி' என்ற சொல் இருந்தது.

அண்ணை கலவரமாகிவிட்டார். "ஐயோ பிள்ளை, இது சவாரி இல்லையெண்டு சொல்லும். நான் காசுக்கு ஓட வரேல்லை."

விசாரித்தால், குரு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எழுந்தருளுவதைத்தான் அவர்கள் சவாரி என்கிறார்களாம். அண்ணைக்கு நிம்மதி. "எங்கட ஊரில சவாரி எண்டால் மாட்டுவண்டிப் போட்டி. நல்ல காலம், அதை இவைக்குச் சொல்லேல்லை" என்று என் காதில் சொன்னார்.

நடு வரிசையின் மையத்தில் கிரந்தி, மடியில் தலையணை, அதன்மேல் குரு. ஒரு பக்கம் சாமரத்தோடு ஹர்ப்ரீத், மறு பக்கம் பாப்பாஜி. முன்னால் வழி சொல்ல நான். நாங்கள் செருப்பைப் பின்னால் ஒரு பெட்டியில் போட்டுவிட்டோம். அண்ணையும் தன் ஷூவைக் கழற்றப் போனார், பிறகு நின்றார். "குருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு ஓட்டுறது சரியோ?"

கேள்வி ஜெர்மன் வழியாகப் போய்ப் பதில் வந்தது. குரு சவாரிக்குக் கிளம்பினால் ஐந்து பேராவது கூட வருவது வழக்கம் என்றார் கிரந்தி. ஒவ்வொருவராக எண்ணினார். தான், பாப்பாஜி, ஹர்ப்ரீத், நான், அண்ணை. "ஐந்து சரியாக இருக்கிறது. உங்கள் சேவா கண்ணைச் சாலையில் வைப்பது. ஷூ போட்டுக்கொள்ளுங்கள்."

9.05க்குப் புறப்பட்டு ஏ-1 நெடுஞ்சாலையைப் பிடித்தோம். அண்ணை நூறைத் தாண்டவே இல்லை. லாரிகள்கூட எங்களை முந்தின. கிரந்தி மெல்லப் பாடிக்கொண்டே வந்தார். வுப்பர்டால் தாண்டிய கொஞ்ச தூரத்தில், 9.40க்கு, எல்லா வண்டிகளும் நின்றன. முன்னால் எங்கோ விபத்து. நடுவில் வழிவிட்டு ஒதுங்கி நின்றோம், ஆம்புலன்ஸ் ஒன்று போனது. என் போன் ஐம்பத்தைந்து நிமிடத் தாமதம் என்றது. கொஞ்ச நேரத்தில் அது எழுபதானது.

பாப்பாஜி மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு வெளியே பார்த்தார். ஆறு வாரம் வாசலில் நின்றவருக்கு ஒரு மணி நேரம் பெரிதில்லைதான். ஆனால் அண்ணையின் கை ஸ்டியரிங்கில் தாளம் போட்டது. வண்டிக்கு வெளியே நின்றிருந்தால் இந்நேரம் ஒரு சிகரெட் பற்றவைத்திருப்பார் போலிருக்கிறது. வெறும் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"வந்த விருந்தாளியை ரோட்டில வச்சிருக்க ஏலாது பிள்ளை. அடுத்ததில இறங்குறன். முந்தி இந்தப் பக்கமெல்லாம் நான் பேப்பர் போட்டனான்."

இருபது நிமிடம் நகர்ந்து நகர்ந்து வெளியேறும் வழியைப் பிடித்தார். அதற்குப் பிறகு வந்தது மலைச்சாலை. வளைவு, இறக்கம், மறுபடி வளைவு. நான்காவது வளைவில் ஹர்ப்ரீத்தின் முகம் வெளுத்தது. "நிறுத்துங்கள்" என்றாள். ஒரு பேக்கரி வாசலில் நின்றோம். அவளுக்கு முன் இருக்கை வேண்டும். அப்படியென்றால் சாமரம்?

கிரந்தி என்னைப் பார்த்தார்.

"நான் சீக்கியர் இல்லையே. நான் செய்யலாமா?" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன். ஜெர்மன் தேர்வுக்குப் படித்ததில் அந்த வாக்கியம் இல்லை, நானே கட்டிக்கொண்டேன்.

"கை சுத்தமாக இருக்கிறதா? தலை மூடியிருக்கிறதா? மனம் இருக்கிறதா?"

மூன்றுக்கும் தலையாட்டினேன். வெறுங்காலோடு பேக்கரி வாசலில் வண்டியைச் சுற்றி நடந்து, பாட்டில் தண்ணீரில் மறுபடி கை கழுவி, நடு வரிசையில் ஏறினேன். ரொட்டி வாங்கிக்கொண்டு வெளியே வந்த ஒரு பெண்மணி என் காலைப் பார்த்தார், வண்டிக்குள் பார்த்தார், "நல்ல பயணம்" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

பிறகு நாற்பது நிமிடம் நான் சாமரம் வீசினேன். சொல்ல எளிது. அவசரமில்லாமல், நிற்காமல், எங்கும் இடிக்காமல் வீச வேண்டும். பத்து நிமிடத்தில் தோள் வலித்தது. இருபதில் வலி மறந்துபோனது. ஒரு புத்தகத்துக்கு விசிறுகிறோம் என்ற எண்ணம் எப்போது போனது என்று தெரியவில்லை. வெயில் அந்தப் பக்கம் அடித்தபோது நானே அறியாமல் கையால் மறைத்தேன். கிரந்தி பாட்டை நிறுத்தாமல் கண்ணால் சிரித்தார்.

உன்னா என்ற ஊருக்கு முன்னால் சாலை சமதளத்துக்கு வந்தது. இரண்டு பக்கமும் ராப்ஸ் எண்ணெய்வித்து வயல்கள், கடுகுப் பூப்போலப் பளீர் மஞ்சள். பாப்பாஜி ஜன்னலை இறக்கினார். "எத்தனை வருடம் இந்த வழியாக வேலைக்குப் போயிருக்கிறேன். அங்கே மேலே நெடுஞ்சாலையில் சத்தத்தடுப்புச் சுவர்தான் தெரியும். இவ்வளவு அருகில் இது இருந்திருக்கிறது!" அண்ணை வேகத்தை இன்னும் குறைத்தார். யாரும் மணி பார்க்கவில்லை.

11.10க்குத் தெருமுனையில் திரும்பியபோது நாற்பது பேரும் செருப்பில்லாமல் தெருவின் இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள். மன்தீப் தண்ணீர் தெளித்தார். வசந்தி அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு, தன் தோட்டத்து டூலிப் இதழ்களை ஒரு தட்டிலிருந்து தூவினார். வண்டி நின்றதும் கிரந்தி குருவை எடுத்து பாப்பாஜியின் தலைமேல் வைத்தார். அவர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நடந்தார். வாசற்படியில் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. நேராக உள்ளே போனார். பின்னால் நடந்த எனக்கு அவர் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

எல்லோரும் உள்ளே போன பிறகு அண்ணை மட்டும் சாவியை விரலில் சுழற்றியபடி வண்டியருகே நின்றார். கொஞ்ச நேரத்தில் பாப்பாஜி வாசலுக்குத் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"பக்கத்து வீட்டுக்காரரே, ஐந்தாவது ஆள் இல்லாமல் எப்படித் தொடங்குவது?"

அண்ணை உள்ளே வந்தார்.

வாசிப்பு ஒன்றரை மணி நேரம். முடிவில் நூல் எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பாடலை வாசித்தார்கள். அது 'ஹுக்கம்நாமா', அன்றைய கட்டளை. அதன் பொருளை நான் அரைகுறையாகச் சொல்வது சரியில்லை, ஆனால் அந்தக் கூடமே அசையாமல் கேட்டது. பிறகு 'கடா பிரசாத்', நெய்யில் கிண்டிய கோதுமை அல்வா. அதன் பிறகு 'லங்கர்'. எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் பொதுச் சாப்பாடு. அந்த வரிசைக்கு 'பங்கத்' என்று பெயர். நம் பந்தி! பருப்பு, உருளைக்கிழங்கு, ரொட்டி, பாயசம். வசந்தி அக்கா சாப்பிட உட்காராமல் அடுப்படியில் ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். "எங்கட ரொட்டியைப்போல இல்லை, வலு மெல்லிசு. ஆனா வட்டம் வருது பாரும்" என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

மாலை ஐந்தரைக்குக் குருவைத் திருப்பி அழைத்துப் போக வேண்டும். டுசல்டோர்ஃப் உறவினரின் பெரிய கார் தயாராக நின்றது. அப்போது பார்த்தால் அண்ணை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தன் வண்டியை இன்னொரு தடவை துடைத்துக்கொண்டிருக்கிறார். மன்தீப், "நீங்கள் காலையிலிருந்து அலைந்துவிட்டீர்கள், ஓய்வெடுங்கள்" என்றார். அண்ணை ஜெர்மனில் பதில் சொல்லிவிட்டு என்னிடம் தமிழிலும் சொன்னார்:

"கூட்டிக்கொண்டு வந்தது நான். கொண்டுபோய் விடுறதும் நான்தானே?"

யாரும் மறுக்கவில்லை. திரும்பும் வழியில் நெரிசலே இல்லை, ஏழு மணிக்குக் கொலோன். அங்கே குருவுக்கென்று தனி அறை, கட்டில், மெத்தை. இரவில் ஓய்வெடுக்க வைப்பதை 'சுகாசன்' என்கிறார்கள். அண்ணை அறை வாசலில் கைகூப்பி நின்றார். விளக்கைத் தணித்த பிறகும் உடனே நகரவில்லை. என்னை ரயில் நிலையத்தில் இறக்கிவிடும்போது, "நல்ல ஆள் பிள்ளை. ஒரு கரைச்சலும் தரேல்லை" என்றார். குருவைத்தான் சொன்னார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நீங்களும் ஒரு குருத்வாராவுக்குப் போக நினைத்தால் தயங்க வேண்டாம். எந்த மதத்தவரும் போகலாம், யாரும் எதையும் கேட்பதில்லை. ஞாயிறு பதினொன்றிலிருந்து இரண்டு வரை நல்ல நேரம். தலையை மூட ஒரு பருத்தித் துணி எடுத்துப்போங்கள், வழுக்கும் துணி வேண்டாம். சிகரெட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கழற்ற எளிதான செருப்பு, தரையில் உட்கார வசதியான உடை. குருவின் பக்கம் கால் நீட்டாதீர்கள். பிரசாதத்தை இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி வாங்குங்கள். சர்க்கரை உள்ளவர்கள் கொஞ்சம் போதும் என்று முன்பே சொல்லிவிடலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. லங்கருக்குக் காசு கிடையாது. சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் போய் நின்றால் ஒரு இடம் விடுவார்கள். எனக்கென்னவோ அந்த மதத்தின் அர்த்தத்தை வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டபோதும், தோள் வலிக்க வீசியபோதும்தான் கொஞ்சம் பிடிக்க முடிந்தது. அதற்கு முன் படித்ததெல்லாம் பெயர்கள்தான்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஹர்ப்ரீத்திடமிருந்து ஒரு செய்தி வந்தது. பாப்பாஜி புது வீட்டில் எட்டரை வரைக்கும் தூங்கினாராம், அவர் வாழ்க்கையில் அப்படித் தூங்கி யாரும் பார்த்ததில்லையாம். கூடவே ஒரு படம். தோட்டத்தில் பாப்பாஜியும் யோகன் அண்ணையும், ஆளுக்கொரு தேநீர்க் கோப்பை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த வேலியில் இரண்டு பலகைகளைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள்.